வாசலில் வைத்த பயமானி

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து செய்த, மணிக்கட்டில் மாட்டும் கருவிக்கு நாங்கள் வைத்த பெயர் பயமானி. வெப்பத்தை அளந்தால் வெப்பமானி, பயத்தை அளந்தால் பயமானி. பெயர் வைக்கவே ஒரு வாரம் சண்டை போட்டோம். ஆலங்குறிச்சியில் வேனை விட்டு இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதன் பெயர் காப்பு என்று மாறிவிட்டது.

"ஏ மெஷின் புள்ள, இந்தக் காப்பத் திருப்பித் தரணுமா, வீட்டுக்குக் கொண்டு போலாமா?" என்று வேனைச் சுற்றி நின்றவர்களில் ஓர் அக்கா கேட்டார்.

"தரணும்க்கா."

"அப்பம் எதுக்குப் போடுத?"

அதைச் சொல்லத்தான் சென்னையிலிருந்து போயிருந்தேன்.

கட்சித் தலைமை கை காட்டுகிறவரை வேட்பாளராக நிறுத்தக் கூடாது, கட்சி உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடமே எல்லாக் கட்சிகளும் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டன. பெட்டி இருக்கும், சீட்டு இருக்கும், வரிசை இருக்கும். முடிவு மட்டும் 'ஏகமனதாக' என்று வரும். கண்காணிக்கப் போன மனித உரிமைக் குழுவினர் யாரைக் கேட்டாலும், "எங்கள யாரும் மிரட்டலீங்க" என்பார்கள். கையைக் கட்டிக்கொண்டு சொல்வார்கள்.

வாய் சொல்லாததை நாடி சொல்லும் என்று நாங்கள் நம்பினோம். அரசாங்கமும் நம்பியது. முதல் சோதனைக்கு ஒரு கட்சி, ஒரு தொகுதி. வைகறைக் கட்சி, ஆலங்குறிச்சி, இருநூற்றேழு ஓட்டு. கருவிக்கு நான், கேள்விப் படிவத்துக்குச் சாகுல். சாகுலுக்குப் பாளையங்கோட்டை. மூன்று வருடமாகக் கட்சித் தேர்தல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவன். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழையும்போதே ஆரம்பித்தான்.

"ரோஸ்லின், உன் மெஷினுக்கு அண்ணாச்சியத் தெரியுமா?"

"எந்த அண்ணாச்சி?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது. இங்க ஒரே அண்ணாச்சிதான்."

மாவட்டச் செயலாளர் செந்தூர்பாண்டி. கல்யாண மண்டபத்தின் வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு கையில் பன்னீர்ச் செம்பு, பக்கத்து மேசையில் சந்தனக் கிண்ணம். கட்சி விழா எதுவானாலும் அவர்தான் வாசலில் நின்று பன்னீர் தெளித்து வரவேற்பாராம். இருபது வருடப் பழக்கமாம். வருகிற ஒவ்வொருவரிடமும் குடும்பத்தை விசாரித்தார். எவ்வளவு அன்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

"வா டே, சங்கிலி. மவன் நம்ம ரைஸ் மில்லுலதான இருக்கான்? நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்."

சங்கிலி என்ற அந்த ஆள் பன்னீரை முகத்தில் வாங்கிக்கொண்டு கும்பிட்டார்.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் அண்ணாச்சியின் மச்சினன் ஐயப்பராஜ். முப்பத்தைந்து வயது, பால்பண்ணை வைத்திருக்கிறார், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. இன்னொருவர் முத்துப்பேச்சி. இருபத்திரண்டு வருடமாகக் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டி, கொடி கட்டி, கூட்டத்துக்கு ஆள் சேர்த்து, விழாவில் சாம்பார் வாளி தூக்கியவர். அந்தத் தொகுதியில் அண்ணாச்சி சொன்ன ஆளுக்கு எதிராக ஒருவர் மனுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை என்று சாகுல் சொன்னான்.

காப்பு மாட்டும் மேசையை நான் வாசலை ஒட்டியே போட்டேன். காரணம் எளிது. மண்டபம் முழுக்கச் சுற்றியதில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பிளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது.

முத்துப்பேச்சி கையை நீட்டிக்கொண்டே கேட்டார். "எம்மா, இது என்ன பண்ணும்னு எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

"முதல்ல நீங்க சாதாரணமா இருக்கும்போது உங்க நாடி, வேர்வை எல்லாத்தையும் ஒரு நிமிஷம் அளந்து வச்சுக்கும். அதுதான் உங்களோட அளவு. அப்புறம் நீங்க ஓட்டுப் போடும்போது மறுபடி அளக்கும். அதே அளவுல இருந்தா காப்புல பச்சை விளக்கு. ரொம்ப ஏறியிருந்தா சிவப்பு."

"சேப்பு வந்தா?"

"யாரோ உங்கள மிரட்டியிருக்காங்கன்னு அர்த்தம். அந்த ஓட்டு செல்லாது. தனியா எடுத்து வச்சிடும்."

"மெரட்டுனவனுக்கு என்ன?"

"சிவப்பு ஓட்டு கால்வாசிக்கு மேல போனா, அதை மட்டும் எண்ணிப் பார்ப்போம். அது யாருக்கு அதிகமா விழுந்திருக்கோ, அவருதான் மிரட்டினாருன்னு எடுத்துக்குவாங்க. ஆறு வருஷம் அவரு எந்தத் தேர்தல்லயும் நிக்க முடியாது."

"நல்ல சட்டம்தான்" என்று முத்துப்பேச்சி சந்தோஷமாகச் சிரித்தார். ஒரு நிமிடம் அளந்தேன். பக்கத்தில் அண்ணாச்சி அவர் மேல் பன்னீர் தெளித்தார். கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார்.

ஒன்பது மணிக்கு ஓட்டுப்பதிவு தொடங்கியது. மேடைக்குப் பின்னால் மணமகள் அறைதான் சாவடி. உள்ளே பட்டன், வெளியே வரும் கதவருகே நான். பச்சை, பச்சை, பச்சை, ஒரு சிவப்பு. மறுபடி பச்சை. எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. வேலை செய்கிறது! ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு குற்றத்தைப் பிடித்துவிட்டதாக டேப்லெட்டைத் தட்டிக்கொண்டேன்.

பத்தரைக்கு ஐயப்பராஜ் வந்தார். உள்ளே போனவர் வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது சட்டையின் கைப்பட்டையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். அவர் மறைத்தால் என்ன, என் திரையில் சிவப்பு. வேட்பாளர் இல்லையா, பரீட்சை பயம் என்று விட்டுவிட்டேன்.

அவருக்கு இரண்டு பேர் தள்ளி முத்துப்பேச்சி. கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் விளக்கு பளிச்சென்று சிவப்பு.

இருவரும் அதையே பார்த்தோம்.

"எம்மா, இது என்ன?"

"சிவப்புக்கா."

"அது தெரியுது. நான் எனக்குப் போட்ட ஓட்டும்மா இது. என்னய நானே மெரட்டுவனா?"

"மெஷின் தப்பா சொல்லாதுக்கா" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பன்னிரண்டரைக்கு இருநூற்றேழு பேரும் ஓட்டுப் போட்டு முடித்தார்கள். சிவப்பு ஐம்பத்தெட்டு. கால்வாசிக்கு மேல். சட்டப்படி சிவப்பை மட்டும் எண்ணிக் காட்ட வேண்டும். மேடையில் ஏறி, இரண்டு வேட்பாளர்களுக்கும் நடுவில் நின்று, பட்டனை அழுத்தினேன். சுவரில் எண்கள் விழுந்தன.

முத்துப்பேச்சி: ஐம்பத்தெட்டு. ஐயப்பராஜ்: பூஜ்யம்.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே வருத்தமாகப் பேசினார்.

"ஏட்டி பேச்சி, நீயா இப்படி? நம்ம கட்சில ஆள மெரட்டி ஓட்டு வாங்குற பழக்கம் என்னைக்குடி இருந்துச்சு? நான் சொல்லலம்மா, மெஷினே சொல்லிட்டுது. மெஷினுக்குக் கட்சியா, சாதியா?"

"நான் யார மெரட்டுனேன்? என்னைய வச்சு யாரு பயப்படுவா அண்ணாச்சி? எங்க வீட்டுக் கோழிகூட பயப்படாது!"

யாரோ ஒருவர் சிரிக்கப் போய் இருமலாக்கிக்கொண்டார்.

"மேடம், எழுதிக் குடுத்துருங்க" என்றார் அண்ணாச்சி என்னிடம். "ஆறு வருசம்னு சொன்னியளே."

"சாப்பாடு முடிச்சு எழுதிக்கலாம் அண்ணாச்சி" என்று சாகுல் குறுக்கே வந்தான். "விதி இருக்கு. சான்றிதழுக்கு மூணு மணி வரைக்கும் நேரம்." அப்படி ஒரு விதி உண்மையாகவே இருந்தது. சாப்பாட்டுக்காக அதை யாரும் பயன்படுத்தியதில்லை, அவ்வளவுதான்.

பந்தி பின்கட்டில். நான் சாப்பிடப் போகவில்லை. ஓர் ஓரமாக டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இலை போட்டாயிற்று, சாம்பார் வந்தாயிற்று. முத்துப்பேச்சி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியோடு நடந்துகொண்டிருந்தார். இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஆறு வருடத் தடை வாங்கப்போகிறவர், "ஏ சங்கிலி அண்ணே, சோத்துல குழி தோண்டும், ஊத்தணும்ல!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். சங்கிலி அண்ணன் குழி தோண்டினார்.

முடிவு சொல்லும்வரை காப்பைக் கழற்றக் கூடாது என்பதால் எல்லார் கையிலும் அது இருந்தது. திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பார்த்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன்.

"சாகுல், மெஷின் கெட்டுப் போச்சு."

"உக்காந்து சாப்புடு. கூட்டு நல்லாருக்கு."

"டேய், பாரு. காலையில இவங்க சாதாரண அளவுன்னு எடுத்தது, பயம் நூத்துக்கு எழுபது. இப்ப முப்பதுதான் காட்டுது. ஒருத்தருக்கு இல்ல, எல்லாருக்கும். சாதாரணத்துல பாதிகூட இல்லாம எப்படி இருக்க முடியும்?"

சாகுல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்டான். "சாதாரண அளவ எங்க வச்சு எடுத்த?"

"வாசல்ல."

"வாசல்ல யாரு நின்னா?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

பன்னீர்ச் செம்பு. சந்தனக் கிண்ணம். மவன் நம்ம ரைஸ் மில்லுலதான இருக்கான், நல்லா இருக்கட்டும்.

இருநூற்றேழு பேரின் பயத்தை அளந்து, அதற்குச் சாதாரணம் என்று நான் பெயர் வைத்திருந்தேன். அதே பயத்தோடு உள்ளே போய் அண்ணாச்சியின் மச்சினனுக்குப் போட்டவர்களுக்குப் பச்சை. அதற்கும் மேலே ஏறி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, முத்துப்பேச்சிக்குப் போட்டவர்களுக்குச் சிவப்பு. இருந்த ஐம்பத்தெட்டு தைரியசாலிகளையும் துல்லியமாகப் பொறுக்கி எடுத்து, உங்கள் ஓட்டுச் செல்லாது என்று சொல்லியிருந்தது நான் செய்த கருவி.

"ஒரு பிளக் பாயிண்ட்டுக்காக" என்றேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"அழுவாத. இலையில உப்பு ஏற்கெனவே கூட" என்றான் சாகுல். "இப்ப என்ன செய்யலாம்? அதச் சொல்லு."

நான் திரையைத் தட்டினேன். எல்லாருடைய சாதாரண அளவையும் அழித்துவிட்டுப் புதிதாக, அங்கேயே, ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஒரு நிமிடம் அளந்தேன். ஆறு வரிசை இலை. ஆறு வரிசைப் பச்சை விளக்கு.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி பந்திக்குள் வந்தார். "என்ன டே, எல்லாம் வந்துதா?"

முதல் வரிசையில் அவர் நடக்க நடக்கக் காப்புகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. கோயில் கொடைத் திருவிழாவில் சீரியல் பல்பு ஓடுமே, அப்படி. அவர் தாண்டிப் போனதும் பின்னாலேயே ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின. அவர் இரண்டாவது வரிசைக்குத் திரும்பினார். சிவப்பும் கூடவே திரும்பியது.

அண்ணாச்சி நின்றார். பின்னால் பார்த்தார். முன்னால் பார்த்தார்.

"அண்ணாச்சி, இன்னொரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்" என்று எங்கிருந்தோ ஒரு குரல். யார் என்று இன்றுவரை தெரியாது. முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு ஒரு வரிசை, பிறகு மொத்தப் பந்தியும். சிரிக்கச் சிரிக்க விளக்குகள் பச்சையாயின. அது எனக்குத் தெரியாத விஷயம். அப்படி ஒரு வரியை நாங்கள் நிரலில் எழுதவே இல்லை.

நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேசையை எங்கே போட்டேன், ஏன் போட்டேன், என்ன ஆயிற்று. தப்பு முழுக்க என்னுடையது என்றேன்.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. "இது பயம் இல்ல மேடம். இதுக்குப் பேரு மரியாத. உங்க மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?"

உண்மையில் தெரியாது. முத்துப்பேச்சிதான் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"மரியாதைன்னா நீங்க அந்தப் பக்கம் போன பொறவும் இருக்கும்லா அண்ணாச்சி? இது நீங்க தாண்டுன உடனே எறங்கிப் போவுதே."

அண்ணாச்சி தாண்டி வந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அத்தனையும் பச்சை.

"இரண்டு வேட்பாளரும் கையெழுத்துப் போட்டா மறுபடி ஓட்டுப்பதிவு வைக்கலாம்" என்று சாகுல் படிவத்தை எடுத்தான். முத்துப்பேச்சி சாம்பார்க் கையைத் துடைத்துவிட்டுப் போட்டார்.

"மாப்ளே, நீ போடாத" என்றார் அண்ணாச்சி. "ஜெயிச்சது ஜெயிச்சதுதான்."

ஐயப்பராஜ் கடைசி வரிசையில் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். "இருக்கட்டும் அத்தான். நாளைக்கு யாரும் ஒரு பேச்சுச் சொல்லிறக் கூடாதுல்லா" என்று, அத்தானின் முகத்தைப் பார்க்காமல், மளமளவென்று கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர், நேர்மைக்காகச் செய்கிறார் என்று நான் நினைத்தேன்.

சாவடியைப் பந்திக்கே கொண்டுவந்தோம். வாழையிலைக் கட்டுகளை அடுக்கி மறைப்புக் கட்டினோம். ஒரு சிக்கல்தான் பாக்கி. அண்ணாச்சியை என்ன செய்வது? வெளியே போகச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு, வாய் உண்டு, தைரியம் மட்டும் இல்லை. என் கையில் காப்பு இல்லாதது நல்லதாகப் போயிற்று.

முத்துப்பேச்சி நேராக அவரிடம் போய் வடைத் தட்டை நீட்டினார். "ரெண்டாம் பந்தி உக்காரப் போவுது. நான் ஓட்டு வரிசையில நிக்கணும். கொஞ்சம் பரிமாறுங்க அண்ணாச்சி. போட்டோக்காரத் தம்பியும் நிக்கான்."

போட்டோ என்றதும் அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். இருபது வருடமாக வாசலில் நின்றவர், அன்றுதான் முதல் தடவையாகப் பந்திக்கு நடுவில் குனிந்தார். முதல் இலைக்காரர் நடுங்கினார். இரண்டாவது ஆள் ஒரு வடை வாங்கிக்கொண்டார். ஐந்தாவது ஆள் சங்கிலி. முதல் பந்தியில் சாப்பிட்டவர்தான், அண்ணாச்சி பரிமாறுகிறார் என்றதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சியை அண்ணாந்து பார்த்து, "இன்னொண்ணு போடுங்க, உளுந்து நல்லா அரைச்சிருக்கு" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரே கூச்சல். "அண்ணாச்சி, இங்க அப்பளம் வரல!" "அண்ணாச்சி, மோரு!" "இந்த வரிசைய மறந்துட்டியளே அண்ணாச்சி!" தனக்கு வடை போடுகிற ஆளிடம் எவ்வளவு நேரம்தான் பயப்பட முடியும்? சாப்பிட்டவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. அண்ணாச்சிக்கு வேர்த்து ஒழுகியது. ஒரு கட்டத்தில் அவரே, "ஏல, பாயசம் எங்க? சூடு ஆறுதுக்கு முன்ன கொண்டாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்த ஆரம்பித்துவிட்டார். உற்சாகமாகவே கத்தினார்.

மாலை நான்கரை. இருநூற்றேழில் இரண்டே சிவப்பு. ஒன்று அண்ணாச்சியுடையது. தலைமைக்கு என்ன பதில் சொல்வது என்ற பயமாக இருக்கலாம், நான் கேட்கவில்லை. இன்னொன்று, மறுபடியும், முத்துப்பேச்சியுடையது.

"இப்ப எதுக்குக்கா? யாரப் பார்த்துப் பயம்?"

"யாரப் பாத்தும் இல்லம்மா" என்று காப்பைத் தடவினார். "இவ்வளவு பேரு சிரிச்சுக்கிட்டே போய்ப் போடுதாவளே, ஜெயிச்சுட்டா அம்புட்டுப் பேருக்கும் நாம பதில் சொல்லணுமேன்னு நெனச்சேன். கைகாலு வெலவெலன்னு வந்துட்டு."

செல்லாத இரண்டும் போக, முத்துப்பேச்சி நூற்று முப்பத்து நான்கு, ஐயப்பராஜ் எழுபத்தொன்று. குலவைச் சத்தத்தில் என் டேப்லெட் கையிலிருந்து நழுவிச் சாம்பார் வாளிக்குள் விழப் பார்த்தது.

எல்லாரும் போன பிறகு காப்புகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினேன். கடைசியாக ஐயப்பராஜ் வந்தார். தோற்றவர் முகம் மாதிரியே இல்லை. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தார். விளக்கு பச்சை.

"மேடம், ஒரு சந்தேகம். காலையில விழுந்த ஓட்டு எல்லாம் அழிஞ்சு போச்சுல்லா?"

"அழிச்சாச்சு சார்."

"யாருக்குச் சேப்பு வந்துது, யாருக்குப் பச்ச வந்துதுன்னு எங்கயும் இருக்காதுல்லா?"

"என் அறிக்கையில மட்டும் இருக்கும். ஏன் சார்?"

"ஒண்ணுமில்ல, சும்மா." காப்பைக் கழற்றி என் கையில் வைத்தார். "எனக்கு முப்பத்தாறு மாடு இருக்கு மேடம். காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு அதுங்க மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குப் பொழுதே விடியும். எம்எல்ஏ ஆயிட்டா யாரு பால் கறக்க? அத்தான்கிட்ட இதச் சொல்ல முடியுமா, சொல்லுங்க."

விசில் அடித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டார்.

வேனில் உட்கார்ந்து அறிக்கையைத் தட்டத் தொடங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. காலையில் சிவப்பு ஐம்பத்தெட்டு. அந்த ஐம்பத்தெட்டும் முத்துப்பேச்சிக்கு. ஐயப்பராஜுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ஐம்பத்தெட்டில் ஒன்று, பத்தரை மணிக்கு, முழுக்கைச் சட்டைக்குள் எரிந்த சிவப்பு.

"என்ன தானா சிரிக்க?" என்றான் சாகுல்.

"ஒண்ணுமில்லடா. ரகசிய ஓட்டு."

காலைப் பட்டியலில் இருந்த பெயர்களை ஒன்றுவிடாமல் அழித்தேன். பிறகு அறிக்கையின் முதல் வரியை எழுதினேன்: காப்பு மாட்டும் மேசையைப் பந்திக்குப் பக்கத்தில் போடவும், நீளமான வயர் வாங்கவும்.